பச்சையப்பர் எழுதிய கடைசிக் கடதாசியும் எங்கள் வீட்டு உறுதியும்

களுவாஞ்சிக்குடியில் வழக்கு நாட்களில் காலை எட்டு மணிக்கே பிரதான வீதியோரத் தேநீர்க் கடைகளில் இடம் கிடைக்காது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் பாதிப்பேர். ஆளுக்கொரு சொப்பிங் பை கையில் இருக்கும். உள்ளே மடித்து மடித்துக் கிழிந்த உறுதி, பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம், கிராம சேவையாளர் கொடுத்த கடிதம். அதில் ஏதாவது ஒன்று குறையும். அந்த ஒன்றுக்காகத்தான் வருடக்கணக்கில் வந்துபோகிறார்கள். நானும் அப்படி வந்துபோனவன்.

எங்கள் கதை பெரிய கதை இல்லை. அப்பா உழைத்து வாங்கிய வளவு படுவான்கரையில் இருக்கிறது. நாங்கள் நான்கு பிள்ளைகள். மூன்று ஆண்கள், கடைசியாக ஒரு தங்கச்சி. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பது எவரும் கேள்வி கேட்காத வழக்கம். தங்கச்சியின் கலியாணத்தில் அப்பாவும் சபையில் வைத்து அப்படித்தான் சொன்னார். ஆனால் உறுதி எழுதவில்லை. நெல் விற்ற காசு வரட்டும், பாதை திறக்கட்டும், நிலைமை சரிவரட்டும் என்று நாள் போனது. 1998இல் அப்பா இறந்துபோனார். 2007இல் படுவான்கரை முழுவதும் இடம்பெயர்ந்தபோது, உறுதி இருந்த தகரப் பெட்டியை எடுக்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் தங்கச்சியின் கணவரும் கொல்லப்பட்டிருந்தார். திரும்பி வந்தபோது கூரை இல்லாத சுவர்கள்தான் நின்றன. வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போனால், காணி யாருடைய பெயரில் என்ற கேள்வி முதலாவதாக வந்தது. அவளிடம் பதில் இல்லை.

அந்தக் காலத்தில்தான் எனக்கு அடிக்கடி ஒரு பெயர் ஞாபகத்துக்கு வந்தது. 1990இல் ஊரில் இருக்க முடியாமல் சென்னைக்குப் போய் அமைந்தகரைப் பக்கம் சில காலம் இருந்தேன். தினமும் பச்சையப்பன் கல்லூரியைத் தாண்டித்தான் நடப்பேன். அது ஏதோ ஒரு பணக்காரர் கட்டிய கல்லூரி என்றுதான் நினைத்திருந்தேன். பச்சையப்பர் கல்லூரி எதையும் கட்டவில்லை, இறப்பதற்குச் சில நாட்கள் முன்னர் ஒரு கடதாசி எழுதி வைத்தார், அவ்வளவுதான் என்று பிறகு ஒரு முதிய ஆசிரியர் சொன்னார். அந்தக் கடதாசியின் கதையை நான் தேடி வாசித்தேன். எங்கள் பையில் இல்லாமல் போன கடதாசியை நினைத்துக்கொண்டு, அவருடைய வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

தகப்பனைக் காணாத பிள்ளை

பச்சையப்ப முதலியார் 1754இல் சென்னைக்கு வடமேற்கே உள்ள பெரியபாளையத்தில் பிறந்தார். தகப்பன் விசுவநாத முதலியார் காஞ்சிபுரத்துக்காரர். பிள்ளை பிறப்பதற்கு முன்னரே இறந்துவிட்டார். தாய் பூச்சியம்மாள். வயிற்றில் ஒன்றும் கையில் இரண்டு பெண்பிள்ளைகளுமாக நின்ற அந்தத் தாய்க்குத் துணை நின்றவர் ரெட்டிராயர் என்பவர். ஆற்காட்டு நவாபின் அலுவல்களைப் பார்த்தவர், இறந்த கணவரின் நண்பர். நண்பனின் குடும்பம் என்பதைத் தவிர அவருக்கு வேறு கட்டாயம் இல்லை.

அந்த ஆதரவு சில வருடங்களே நீடித்தது. ரெட்டிராயரும் காலமானார். நல்ல மனிதரின் வாய்ச்சொல்லில் நின்ற வாழ்க்கை, அந்த மனிதர் போனதும் நின்றுபோனது. பூச்சியம்மாள் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சென்னைப் பட்டணத்துக்கு வந்தார். எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் இப்படிப் பிள்ளைகளோடு தெரியாத ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பதால், இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு அது 250 வருடத்துக்கு முந்தைய கதையாகத் தோன்றவில்லை.

பட்டணத்தில் அவர்கள் பவுனி நாராயண பிள்ளையின் வாசலில் போய் நின்றார்கள். பவுனி என்ற ஆங்கிலேய வணிகக் குடும்பத்துக்குத் துபாஷியாக இருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். தமிழ் தெரியாத கும்பினிக்காரருக்கும் ஆங்கிலம் தெரியாத நம்மவருக்கும் இடையில் நின்று, சரக்கு வாங்கிக் கொடுத்து, கடன் பேசி, கணக்கு வைத்து, தானும் பங்கு பார்க்கும் ஆள். அந்தக் காலத்துச் சென்னையில் பெரும் பணம் சேர்த்தவர்களில் பலர் துபாஷிகள். நாராயண பிள்ளை சிறுவனுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். பெற்ற தகப்பன் விட்டுப்போகாத முதலை இந்த மனிதர் கொடுத்தார் என்று சொல்லலாம்.

போர்க் காலத்தில் சேர்ந்த பணம்

பதினாறு வயதளவில் பச்சையப்பர் ஐரோப்பிய வணிகர்களுக்குத் தரகு பார்க்கத் தொடங்கிவிட்டார். இருபதுகளின் தொடக்கத்திலேயே சொந்தக் காலில் நின்றார். செங்கற்பட்டுப் பக்கத்தில் வரி வசூல் குத்தகை எடுத்தார். வட்டிக்குக் கொடுத்தார். 1784இல் சல்லிவன் என்ற கும்பினி அதிகாரிக்குத் துபாஷியாகித் தஞ்சாவூர் போனார். அதன் பிறகு அவருடைய வாழ்க்கையில் பெரும்பகுதி காவிரிக் கரையில் கழிந்தது.

அவர் போன காலத்தைக் கவனிக்க வேண்டும். 1780இல் தொடங்கிய மைசூர்ப் போரில் ஹைதர் அலியின் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடியிருந்தன. கால்வாய்கள் உடைந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, சனங்கள் ஊர்களை விட்டுப் போனார்கள். ஆனால் கும்பினி கேட்ட தொகை குறையவில்லை. அதைக் கட்டுவதற்குத் தஞ்சை மன்னரே கடன் வாங்க வேண்டியிருந்தது. கடன் கொடுத்தவர்களில் ஒருவர் பச்சையப்பர்.

ஆகவே அவருடைய பணத்தின் ஒரு பகுதி போரில் அழிந்த நாட்டிலிருந்து வந்தது. வள்ளல் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. வரிக் குத்தகைக்காரர்களும் வட்டிக்காரர்களும் விதைநெல் இல்லாத வருடத்திலும் வசூலித்தவர்கள். பச்சையப்பர் அவர்களில் கொடியவர் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றவரும் இல்லை. போருக்குப் பின்னர் யார் கையில் காசு இருந்தது, யார் கையில் இருந்த காணி அடகுக்குப் போனது என்பதை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் மனிதரை அறிய வேண்டும்.

சென்னையில் அவருக்குக் கூவம் ஆற்றங்கரையில் கோமளீசுவரன்பேட்டையில் வீடு இருந்தது. கூவத்தில் தினமும் குளித்துவிட்டுக் கோமளீசுவரரைக் கும்பிடுவார் என்பார்கள். இன்றைக்குக் கூவத்தைப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவது கடினம். ஆனால் அப்போது அது குளிக்கக்கூடிய ஆறு. சிதம்பரம், காஞ்சிபுரம் போன்ற கோயில்களின் திருப்பணிகளுக்கும் அன்னதானத்துக்கும் அள்ளிக் கொடுத்தார். உயிரோடு இருக்கும்போதே கொடுத்த மனிதர் என்பது முக்கியம். சாவு நெருங்கிய பிறகு வந்த தர்ம சிந்தனை இல்லை.

வீட்டுக்குள் மட்டும் நிம்மதி குறைவு. முதலில் அக்காவின் மகளைக் கட்டினார். அது எங்கள் பக்கம் இல்லாத முறை, தமிழ்நாட்டில் உண்டு. பிள்ளை இல்லை. இரண்டாவதாக ஒருவரையும் கட்டினார். சொத்தைத் தொடர்வதற்கு ஆண்பிள்ளை இருக்கவில்லை. சுவீகாரம் எடுப்பதா, யாரை எடுப்பது என்பதில் வீட்டாருக்குள் ஒத்துவரவில்லை. லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்து, ஒவ்வொரு வராகனுக்கும் கணக்கு எழுதிய மனிதர், தனக்குப் பிறகு இது யாருக்கு என்ற ஒரு வரியை மட்டும் எழுதாமல் வைத்திருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்திருப்பார். எங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

ஒன்பது நாட்கள்

1794 மார்ச்சில் கும்பகோணத்தில் இருந்தபோது நோயில் விழுந்தார். வாத நோய். எழும்ப முடியாது என்று தெரிந்ததும் மார்ச் 22இல் மரண சாசனம் எழுதுவித்தார். சிறுவயதில் தன்னை ஏற்ற நாராயண பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைத்தார். தன் சொத்து கோயில் பூசைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அன்னதானத்துக்கும் மற்றத் தர்மங்களுக்கும் போக வேண்டும் என்று வைத்தார். காசி முதல் கன்னியாகுமரி வரை அந்தத் தர்மங்களின் எல்லை நீண்டிருந்தது. மார்ச் 31இல் திருவையாற்றில் இறந்துபோனார். எழுதியதற்கும் இறந்ததற்கும் இடையில் ஒன்பது நாட்கள்.

அந்தக் காலத்துத் தமிழருக்கு மரண சாசனம் பழக்கமான காரியம் இல்லை. கூட்டுக் குடும்பம், ஆண் வாரிசு, இல்லாவிட்டால் சுவீகாரம் என்று சொத்து தன்பாட்டில் இறங்கும். ஒரு மனிதன் தன் விருப்பப்படி எழுதி வைத்து, இறந்த பிறகும் அது செல்லும் என்பது ஆங்கிலேயர் நீதிமன்றத்தோடு பழகியவர்களிடம் வந்த எண்ணம். இரண்டு மொழிகளுக்கு நடுவில் வாழ்ந்த பச்சையப்பருக்கு அது தெரிந்திருந்தது.

ஆனால் ஒன்பது நாட்களில் செய்ய முடியாதவை பல இருந்தன. மனைவியரையும் சொந்தக்காரரையும் கூப்பிட்டு இருத்தி, எனது எண்ணம் இதுதான் என்று விளக்க நேரம் இல்லை. எங்கெங்கே யார் எவ்வளவு கடன் தரவேண்டும் என்பது பல ஊர்களில் சிதறிக் கிடந்தது. முழுப் பாரத்தையும் சுமக்கும்படி ஒருவரிடம் விட்டார். அந்த ஒருவரும் தன்னைவிட வயதில் மூத்தவர். அவருக்குப் பின்னர் யார் என்பதுதான் பெரிய சிக்கலாக வந்தது.

நாற்பத்தெட்டு வருடங்கள்

நடந்தது நாங்கள் எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். மனைவியர் ஒரு பக்கம், வாரிசு என்று வந்தவர்கள் ஒரு பக்கம், பொறுப்பேற்றவர்கள் ஒரு பக்கம் என்று வழக்குகள் எழுந்தன. நாராயண பிள்ளையும் காலமானார். பொறுப்பு கைமாறிக் கைமாறிப் போனது. சென்னையில் 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றம் வந்தது. 1801இல் அது சுப்ரீம் கோர்ட்டாக மாறியது. நீதிமன்றத்தின் பெயர் மாறினாலும் வழக்கு முடியவில்லை. விளக்கேற்ற வேண்டிய கோயில்களில் விளக்கு எரியவில்லை. சோறு போட வேண்டிய சத்திரங்களில் அடுப்பு மூட்டவில்லை. கணவனை இழந்த பெண்கள் இருவரும் வழக்கோடு வழக்காக வயதானார்கள். அவர்களைப் பற்றி வரலாறு அதிகம் எழுதவில்லை. எனக்கு அவர்களை நினைக்கும்போதுதான் கூடுதல் துக்கம்.

இதற்குள் கும்பினியின் அட்வகேட் ஜெனரல்கள் தலையிட்டார்கள். பொதுத் தர்மத்துக்கு எழுதப்பட்ட சொத்து வீணாகிறதென்றால் அரசின் சட்ட அதிகாரி வழக்குத் தொடுக்கலாம் என்பது ஆங்கிலச் சட்டம். இதில் பெரிதும் நினைக்கப்படுகிறவர் ஜார்ஜ் நோர்ட்டன். 1830களில் அவருடைய முயற்சியால் சொத்து திரட்டப்பட்டு, சென்னையின் இந்துப் பெரியவர்களைக் கொண்ட அறங்காவலர் குழுவின் கைக்கு வந்தது. நீதிமன்றம் கணக்குப் பார்த்தது. சாசனத்தில் உள்ள கோயில் தர்மங்களுக்கு ஒரு லட்சம் வராகன் ஒதுக்கப்பட்டது. ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்பதால் அது மூன்றரை லட்சம் ரூபாய். அது போகவும், இத்தனை வருடம் முடங்கிக் கிடந்ததில் சேர்ந்த வட்டியாகப் பெருந்தொகை மிஞ்சியது. அந்த மிச்சத்தைக் கல்விக்குச் செலவிடத் தீர்மானிக்கப்பட்டது.

1842 ஜனவரி 1இல் சென்னைக் கறுப்பர் பட்டணத்தில், இன்றைய பிராட்வேப் பக்கம், பச்சையப்பர் பாடசாலை திறக்கப்பட்டது. அவர் இறந்து 48 வருடங்கள் ஆகியிருந்தன. அரசின் கையையும் மிஷனரிகளின் கையையும் எதிர்பாராமல், நம்மவர் பணத்தில் நம்மவர் நிர்வாகத்தில் ஆங்கிலக் கல்வி கொடுத்த பாடசாலை என்பதால் அதற்குத் தனி மதிப்பு. எட்டு வருடங்களின் பின்னர் எஸ்பிளனேடில் கிரேக்கக் கோயில் ஒன்றின் சாயலில் பெரிய தூண்களோடு கட்டடம் எழுந்தது. 1889இல் முதல்தரக் கல்லூரியாக உயர்ந்தது. 1940இல் நான் தினமும் கடந்துபோன அந்தச் சேத்துப்பட்டு வளாகத்துக்கு வந்தது. கணித மேதை இராமானுஜன் சில காலம் படித்ததும், அறிஞர் அண்ணா படித்ததும் இந்தக் கல்லூரியில்தான்.

பள்ளிக்கூடம் பச்சையப்பர் நினைத்துத் திட்டமிட்டதல்ல. வழக்கு இழுபட்டதால் வளர்ந்த வட்டிதான் பள்ளிக்கூடமானது. இதைப் பார்த்துத் தாமதமும் நல்லதுக்குத்தான் என்று ஒருவர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அவருடைய பணம் வட்டி வளரும் பணம். எங்களிடம் இருப்பது வளவும் வயலும். தாமதித்தால் அதில் வளர்வது பற்றைக் காடுதான். அவருடைய கதையில் நான் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. குடும்பம் குலைந்து, பொறுப்பாளர் இறந்து, நீதிமன்றமே மாறி, அரை நூற்றாண்டு போன பிறகும், அவரை ஒருபோதும் பார்த்திராத ஒரு வெள்ளைக்காரர் அவருடைய எண்ணத்தை மீட்டெடுக்க முடிந்தது. எழுத்து இருந்தபடியால்தான் முடிந்தது. வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நோர்ட்டன் எதைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போயிருப்பார்?

எழுத்துக்கும் ஒரு குறை உண்டு. சாசனம் இந்துத் தர்மத்துக்கு என்று இருந்ததால், அந்தக் கல்லூரி 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தது. எழுதுகிறவர் தனக்குப் பிறகு வரும் காலத்தையும் கொஞ்சம் எண்ணி எழுத வேண்டும்.

எங்கள் கரையில்

மட்டக்களப்பில் சொத்து இறங்கிய வழி வேறு. தாய்வழிக் குடிதான் எங்களுக்கு அடையாளம். பழைய முக்குவர் சட்டத்தில் முதுசொம் மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். கிறிஸ்தோபர் பிரிட்டோ அந்தச் சட்டத்தைத் தொகுத்து 1876இல் நூலாக வெளியிட்டார். அதே வருடம் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை நின்றது. எங்களுக்குப் பொதுச் சட்டம் வந்தது. மரண சாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால், பாதி கணவனுக்கோ மனைவிக்கோ, மற்றப் பாதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக.

ஆனால் வழக்கம் சட்டத்தோடு சேர்ந்து மாறவில்லை. வீடு பெண்பிள்ளைக்கு என்பது இன்றும் எங்கள் மனதில் உள்ள சட்டம். உறுதி எழுதினால் இரண்டும் பொருந்தும். எழுதாவிட்டால் சபையில் சொன்ன சொல் நீதிமன்றத்தில் நிற்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணியைக் கைமாற்றும் எழுத்து நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு இருக்க வேண்டும். மரண சாசனமும் அவ்வாறே. நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும்.

அப்பா எழுதாமல் போனதால் எங்கள் வளவு இப்படிப் பிரிந்தது: அம்மாவுக்குப் பாதி. நான்கு பிள்ளைகளுக்கும் எட்டில் ஒவ்வொரு பங்கு. அந்த வீட்டில் பிறந்து, அங்கேயே கணவனை இழந்து, கூரையில்லாத சுவருக்குள் தறப்பாள் கட்டி இருந்த தங்கச்சிக்கும் எட்டில் ஒன்றுதான்.

முதலில் உறுதியைத் தேடினோம். நொத்தாரிசு ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. எழுதியவர் யார், ஏறத்தாழ எந்த வருடம் என்று அம்மா ஞாபகம் வைத்திருந்தார். மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பிரதி கிடைத்தது. பெட்டி எரிந்தாலும் உறுதி எரிவதில்லை. இடம்பெயர்ந்து திரும்பிய எத்தனையோ பேர் இதைத் தெரியாமல் உறுதி இல்லை என்று கைவிட்டிருக்கிறார்கள். 2016இல் காலாவதிச் சட்டத்துக்கு ஒரு விசேட ஏற்பாடு வந்தது. போரால் தங்கள் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக, வேறொருவர் பத்து வருடம் இருந்துவிட்டார் என்ற நியாயம் செல்லாது என்று அது சொன்னது. வழக்குப் போடுவதற்கு இரண்டு வருடங்கள்தான் தரப்பட்டன. அந்த இரண்டு வருடமும் கேள்விப்படாமலே போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

அரச காணி அனுமதிப் பத்திரம் வைத்திருப்போருக்கு இன்னொரு சிக்கல். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் பெயர் குறிப்பிடாவிட்டால் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை இருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். எனவே அனுமதிப் பத்திரம் உள்ளவர்கள் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தாளரைப் பதிந்துவைப்பது ஒரு நாள் வேலையென்றாலும் அதைச் செய்ய வேண்டும்.

கனடாவில் உள்ள தம்பி அற்றோணித் தத்துவம் அனுப்பினான். நானும் அவனும் எங்கள் பங்குகளைத் தங்கச்சிக்கு நன்கொடையாக எழுதினோம். அம்மா தன் பாதியை எழுதினார். ஆனால் உயிருள்ளவரை அங்கே இருக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டார். அதை நான் வற்புறுத்தினேன். பிள்ளைகள் மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல. பூச்சியம்மாளைப் போல யாருடைய நல்ல மனதையும் நம்பி அம்மா இருக்கக்கூடாது.

மிஞ்சியது அண்ணனின் பங்கு. 1990இல் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்டவர். அவருக்கு மரணப் பத்திரம் எடுத்தால் காணி வேலை சுலபம் என்று பலர் சொன்னார்கள். அம்மா ஒருபோதும் சம்மதிக்கவில்லை. 2016இல் காணாமற்போனோருக்கான சான்றிதழ் என்று ஒன்றுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. இறந்துவிட்டார் என்று கையொப்பமிடாமல் சில அலுவல்களைப் பார்க்க அது உதவும். அதை மட்டும் எடுத்தோம். அதை வைத்து அவருடைய பங்கைத் தங்கச்சிக்கு மாற்ற முடியாது என்று நாங்கள் கேட்ட சட்டத்தரணி சொன்னார். மாற்ற வேண்டாம் என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

ஆகவே இன்று அந்த வளவில் எட்டில் ஏழு பங்கு தங்கச்சியுடையது. ஒன்று அண்ணனுடையது. வீடு கட்டி முடிந்துவிட்டது.

பச்சையப்பரின் தர்மம் இன்றும் சென்னை உயர் நீதிமன்றத்தின் பார்வையில்தான் நடக்கிறது. இருநூறு வருடத்துக்கு மேலாகியும் அவருடைய ஒன்பது நாள் அவசரத்தை மற்றவர்கள் சீர்செய்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் வீடுகளில் கிடைக்கும் காலம் எவ்வளவு என்று எங்களுக்கும் தெரியாது. கைகால் நன்றாக இருக்கும்போது எழுதுங்கள். பிள்ளைகளை இருத்தி, எழுதியதைச் சொல்லுங்கள். பொறுப்பை ஒருவரிடம் கொடுத்தால், அவருக்குப் பின் யார் என்பதையும் குறியுங்கள். பிரதி எங்கே இருக்கிறது, எழுதிய நொத்தாரிசு யார், எந்த வருடம் என்பதை வீட்டில் இரண்டு பேராவது தெரிந்து வைத்திருங்கள்.

போன மாதம் நானும் களுவாஞ்சிக்குடியில் ஒரு நொத்தாரிசிடம் போய் எனது மரண சாசனத்தை எழுதினேன். அதில் அண்ணனைப் பற்றியும் ஒரு பந்தி இருக்கிறது. அவருடைய எட்டில் ஒரு பங்கு அவருடையது, எங்களுக்குப் பின்னர் வரும் பிள்ளைகளும் அதை மறக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். சட்டப்படி அந்தப் பந்தி தேவையில்லை என்று நொத்தாரிசு சொன்னார். இருக்கட்டும் என்று சொல்லிக் கையொப்பமிட்டேன்.